அங்கணம்: நீர் வடியும் தளத்தின் வரலாறு

ஓர் இல்லத்தின் சிறப்பைப் பேசுவோர் அதன் முகப்பையும் கூடத்தையும் பேசுவரேயன்றிப் பின்கட்டைப் பேசுவதில்லை. துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படும் அந்த ஈரமான இடத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒன்று அங்கணம். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. கழிவுநீர் படியும் இடம் என்பதே அங்கு அதன் பொருள். அவ்விடத்தின் தளத்தை எவ்வாறு அமைப்பது என்னும் வினா, மனிதன் வீடு கட்டத் தொடங்கிய நாள்தொட்டுத் தொடர்ந்து வருகிறது.

ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவில் வாழ்ந்தோர், குளிக்குமிடத்தில் சுட்ட செங்கற்களை இடைவெளியின்றிப் பதித்து, ஒரு மூலையை நோக்கித் தளத்தைச் சரித்தனர். அம்மூலையில் இறங்கிய நீர் தெருக்கால்வாயை அடைந்தது. தமிழகத்தின் கீழடி அகழாய்விலும் நீர் செல்வதற்கான சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. தளம் எப்பொருளால் ஆனது என்பதைவிட, நீர் எவ்வழியே போகும் என்பதையே முன்னோர் முதலில் எண்ணினர் என்பது இவற்றால் புலனாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும் மலேரியா பரவித் தொழிலாளரை வீழ்த்தியது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மல்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிகால் வெட்டி வெளியேற்றச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. தேங்கிய நீரே பகை என்னும் உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

பின்னர் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டம் இருந்த நிலத்தில் 1950களில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. 1972இல் சுங்கை வேயில் தடையற்ற வணிக வட்டாரம் தோன்றியது. தோட்டத்து லயங்களில் பொதுக் குழாயடியிலும் திறந்த கால்வாயோரத்திலும் துவைத்த குடும்பங்கள் பல, காலப்போக்கில் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. திறந்த வெளியில் நடந்த வேலை சுவருக்குள் வந்தது. முன்பு மண்ணும் கால்வாயும் ஏற்றுக்கொண்ட நீரை இப்போது சிறியதொரு தளமே ஏற்க வேண்டியதாயிற்று.

இன்று கடைகளில் பலவகைத் தரையோடுகள் கிடைக்கின்றன. வழவழப்பான ஓடு கண்ணுக்கு அழகு. ஆயினும் சவர்க்கார நீர் பட்டால் முதியோரை வழுக்கி வீழ்த்தும். சொரசொரப்பான, நீரை உறிஞ்சாத ஓடே ஈரமான இடத்திற்கு ஏற்றது. மரப்பலகை காலப்போக்கில் உளுத்துப்போகும். துளையுள்ள நெகிழித் தட்டுகளைப் பரப்பினால் கால் நனையாது. ஆனால், அடியிலுள்ள தளம் சரிவின்றி இருப்பின் நீர் கண்ணுக்கு மறைந்து தேங்குமேயன்றி வடிந்துவிடாது. ஆகவே, ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை நீர்ப்போக்கியை நோக்கிச் சரிவு அமைந்துள்ளதா என்பதையே முதலில் காண வேண்டும். ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

நீர்ப்போக்கியின் கீழுள்ள வளைகுழாயில் நிற்கும் சிறிதளவு நீர், கழிவுக்குழாயின் காற்று வீட்டினுள் புகாமல் தடுக்கும் காவலாகும். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் தாக்கியது. பல வீடுகளில் இக்காவல் நீர் வற்றிக் கிடந்தது நோய் பரவத் துணைபுரிந்ததாக ஆய்வாளர் கண்டனர். பயன்படுத்தாத நீர்ப்போக்கியில் நீர் வற்றினால் நாற்றமும் நோய்க்கிருமியும் வரக்கூடும். வற்றாமல் அசையாது நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கியைப் பரப்பும் அக்கொசுவைத் தடுக்கவும், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான சட்டம் 1975இல் மலேசியாவில் இயற்றப்பட்டது. வாரம் ஒருமுறை ஒரு வாளி நீரை விசையுடன் ஊற்றுவது இவ்விரு தீங்கையும் குறைக்கும் எளிய வழியாகும்.

மொகஞ்சதாரோவின் செங்கல்லும் சுங்கை வே வீட்டின் தரையோடும் வெவ்வேறு காலத்தவை. எனினும் இரண்டையும் ஆளும் விதி ஒன்றே. நீர் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும். அதற்குரிய வழியைத் தளத்திலேயே வகுத்துவைக்கும் வீட்டில் நோயும் வீழ்ச்சியும் குறையும்.