ஒரு சீட்டும் இரண்டு கொடிகளும்: கடற்கொள்ளை விளையாட்டு கற்பித்த வரலாறு

கடல்வணிக வரலாற்றில் ஆய்வு மேற்கொண்டிருக்கும் ஒருவன் இரவு நேரங்களில் கணினித் திரையில் கடற்கொள்ளையனாகக் கப்பல் ஓட்டுகிறான் என்றால் நெறியாளர் நகைப்பார். ஆயினும் என் ஆய்வேட்டின் மையக் கேள்வி ஒன்று அத்திரையில்தான் எனக்குத் தெளிவுபட்டது. கடற்கொள்ளையன் என்பவன் யார்? அதை முடிவு செய்வது அவன் செயலா, அவன் கையில் இருக்கும் சீட்டா?

நான் குறிப்பிடும் விளையாட்டு 2003 ஜூலையில் வெளிவந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்'. மாஸ்கோவின் அகெல்லா நிறுவனம், 2000இல் தான் வெளியிட்ட 'சீ டாக்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகமாக இதை உருவாக்கிவந்தது. அதே மாதம் வெளியான ஹாலிவுட் திரைப்படத்தின் பெயர் இதற்குப் பின்னரே சூட்டப்பட்டது. எனவே படத்தின் கதையோடு இதற்கு உறவு மிகக் குறைவு. ஆக்ஸ்பே, ரெட்மண்ட் எனக் கற்பனைத் தீவுகள். அவற்றிடையே விரும்பிய திசையில் கப்பலைச் செலுத்தி, வணிகமோ கொள்ளையோ செய்யலாம். வரலாறு இதில் நாடக மேடையின் பின்திரையாக மட்டுமே தொங்கியது.

அப்பின்திரையை மேடைக்கு முன்னே கொண்டுவந்தவர்கள் ரசிகர்கள். 'மோட்' எனப்படும் ரசிகர் திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 'நியூ ஹொரைசன்ஸ்' என்னும் பெருந்தொகுப்பை ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் உருவாக்கினர். கற்பனைத் தீவுகளின் இடத்தில் ஜமைக்கா, பார்படோஸ் போன்ற மெய்யான தீவுகள் வந்தன. ஆட்டத்தின் தொடக்கத்தில் காலகட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கேற்பக் கப்பல்களும் கொடிகளும் மாறும். காற்றை எதிர்த்துப் பாய் விரிப்பவன் நகர முடியாமல் நிற்பான். உணவைக் கணக்கிடாத தலைவனிடம் மாலுமிகள் பொறுமை காட்ட மாட்டார்கள். ருஷ்யாவில் இவ்வாறு திருத்தங்கள் செய்துவந்த ரசிகர் குழுவொன்று, பின்னர் இவ்வரிசையின் அடுத்த விளையாட்டுகளைத் தானே உருவாக்கும் நிலைக்கு உயர்ந்தது. இவற்றுக்கு அடிப்படையான ஸ்டார்ம் என்ஜினின் மூலநிரலும் 2021இல் பொதுவெளிக்கு வந்தது.

ரசிகர்கள் சேர்த்தவை வெறும் அலங்காரங்கள் அல்ல, விதிகள். அவற்றுள் இரண்டு வரலாற்று மாணவருக்கு முதன்மையானவை. ஒன்று, ஆளுநர் வழங்கும் பறிமுதல் உரிமம்: அது கையிலிருந்தால் பகைநாட்டுக் கப்பலைப் பிடிப்பது சேவை, இல்லையெனில் அதே செயல் கொள்ளை. மற்றொன்று, பொய்க்கொடி: பிற நாட்டுக் கொடியை ஏற்றி நெருங்கலாம், அகப்பட்டால் விளைவை ஏற்க வேண்டும்.

இவ்விரு விதிகளும் ஒரு மனிதனின் உயிரைத் தீர்மானித்த நிகழ்ச்சி நம் கடற்கரையில்தான் தொடங்கியது. 1698 ஜனவரியில், மலபார்க் கரையை ஒட்டிய கடலில், வங்காளத்திலிருந்து சூரத் நோக்கிச் சென்ற 'கெதா மெர்ச்சன்ட்' என்னும் கப்பலை வில்லியம் கிட் மறித்தான். பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் அபினும் ஏற்றியிருந்த அக்கப்பலில் ஆர்மீனிய வணிகர்களின் முதலீடு இருந்தது. கிட்டிடம் இங்கிலாந்து அரசரின் உரிமம் இருந்தது. கடற்கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிக்கலாம் என்பதே அது. அவன் தன் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். அதை நம்பியவர்கள் தம்மிடமிருந்த பிரெஞ்சு அனுமதிச் சீட்டை நீட்டினர். அச்சீட்டையே சான்றாகக் கொண்டு கப்பலைக் கைப்பற்றினான்.

1701 மே மாதம் லண்டனில் அவன்மீது கொலைக் குற்றமும் கடற்கொள்ளைக் குற்றமும் விசாரிக்கப்பட்டன. கப்பல் பிரெஞ்சுப் பாதுகாப்பில் சென்றது என நிறுவத் தான் கைப்பற்றிய சீட்டுகளை அவன் கோரினான். அவை நீதிமன்றத்திற்கு வரவேயில்லை. அம்மாதமே தூக்கிலிடப்பட்டான். அச்சீட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் அரசு ஆவணக் காப்பகத்தில் வெளிப்பட்டன. அவை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் அவன் விடுதலை பெற்றிருப்பான் என்று கூற இயலாது. கொலைக் குற்றம் தனியே நின்றது. ஆனால் கொள்ளையனுக்கும் அரச ஊழியனுக்கும் இடையிலான எல்லை எத்துணை மெல்லிய தாளால் ஆனது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சீட்டின் அரசியல் நம் கடலுக்குப் புதிதும் அன்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டை விற்றனர். அதை வாங்காத கப்பலைப் பறித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் கொங்கணக் கரையில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே தம் பெயரில் சீட்டு வழங்கியபோது, ஆங்கிலேயர் அவரைக் கடற்கொள்ளையர் என்றனர். செயல் ஒன்றே, எவர் முத்திரை என்பதே வேறுபாடு.

இவ்விடத்தில்தான் விளையாட்டின் எல்லையும் புலப்படுகிறது. ரசிகர்கள் எத்தனை விதிகளைத் திருத்தினாலும், விளையாடுபவன் நிற்பது எப்போதும் பறிப்பவனின் கப்பல்தளத்தில்தான். பறிகொடுத்தவர் தொலைநோக்கியில் தெரியும் ஒரு பாய்மரம். பின்னர் சரக்குப் பட்டியலில் ஓர் எண். அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்கும் இல்லை. நம் நூலகங்களிலும் கிட்டைப் பற்றிய புத்தகங்கள் எளிதில் கிடைக்கின்றன. அவன் பறித்த கப்பலைச் செலுத்தியவர்களைப் பற்றி அறிய எத்தனை காப்பகங்களில் ஏறி இறங்க வேண்டும்!

கிட் அந்தக் கப்பலைக் கரீபியக் கடலுக்கே ஓட்டிச் சென்று, ஹிஸ்பானியோலா தீவருகே விட்டு நீங்கினான். 2007இல் டொமினிகன் குடியரசின் கட்டலினா தீவை ஒட்டி, ஆழமற்ற நீரில் அதன் எச்சங்கள் கண்டறியப்பட்டன. அதை அடையாளம் காண உதவியவற்றுள் தேக்கு மரமும் இந்தியாவின் மேற்குக் கரைக்குரிய கட்டுமான முறையும் அடங்கும். இரவுதோறும் நான் திரையில் கடக்கும் அதே கடலின் அடியில், நம் தச்சர்கள் இழைத்த மரம் கிடக்கிறது.

மூலநிரல் இன்று திறந்திருக்கிறது. மலபார்க் கரையில், சரக்கோடும் பல நாட்டுச் சீட்டுகளோடும், எதிரே வரும் கப்பலின் கொடி மெய்யா பொய்யா என்று அறியாமல் நிற்கும் ஒரு நாகுதாவின் தளத்திலிருந்து தொடங்கும் திருத்தத்தை நம் மாணவர் எவரேனும் எழுதலாம். அதற்குத் தேவையான ஆவண வேலையில் துணைநிற்க நான் அணியமாயிருக்கிறேன்.