மண்வெட்டி பிடித்த அரசாங்கம்



நாடு நொடிக்கும்போது கைகொடுப்பது அரசாங்கத்தின் சிக்கனமா, செலவா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின அம்மா, "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும். வரவு குறைஞ்சா செலவைக் குறை"ன்னு ஒரு போடு போட்டாங்க. வீட்டுக்கு அது சரி தாயே. ஒரு வீட்டுல பூ வாங்குறதை நிறுத்தினா அதுக்குப் பேரு சிக்கனம். ஊரே நிறுத்திட்டா? பூக்காரம்மா வீட்டுல அடுப்பு எரியாது. அவங்க மளிகைக் கடைக்குப் போக மாட்டாங்க. மளிகைக் கடைக்காரர் வேலைக்கு இருந்த பையனை நிறுத்திடுவார். (கைதட்டல்) எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துல, மடியை அவிழ்க்க அரசாங்கத்தை விட்டா வேற யாரு இருக்கா?

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, வரலாறு சொல்கிறது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்தடுத்து ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933இல் அமெரிக்காவில் நாலு பேரில் ஒருத்தருக்கு வேலை இல்லை. அந்த மார்ச்சில் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். வேலையற்ற இளைஞர்களைச் சேர்த்துக் காடு வளர்க்க ஒரு படையே அமைத்தார். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போயிடும். பையன் கையில 5 டாலர்தான்! (சிரிப்பு) அந்த 25 டாலரில்தான் எத்தனையோ தாய்மார்கள் உலை வைத்தார்கள். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அந்தப் படையில் வேலை பார்த்தார்கள். நட்ட மரங்கள் சுமார் 300 கோடி.

1935இல் இன்னொரு பெரிய திட்டம். ஹாரி ஹாப்கின்ஸ் தலைமை. எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை. 6 லட்சம் மைலுக்கு மேல் சாலை, பல்லாயிரம் பாலங்கள், பள்ளிக்கூடங்கள். நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையமும் அந்தக் கைகள் எழுப்பியதுதான். "மண்வெட்டி மேல சாஞ்சுக்கிட்டு நின்னாங்க"ன்னு அப்பவே கேலி பண்ணினாங்க. சாஞ்சு நின்னவன் இத்தனை பாலம் கட்டினான்னா, நிமிர்ந்து நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும் ஐயா? (பலத்த கைதட்டல்)

குறையே இல்லைன்னு சொல்ல வரல. காட்டுப் படையில் பெண்களுக்கு இடமில்லை. கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாமில் வைத்தார்கள். அது தப்புதான்.

இப்ப எதிரணி காது கொடுத்துக் கேக்கணும். 1937இல் நாடு தேறி வந்தது. வேலையில்லாதவர்கள் 14 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். "போதும், வரவு செலவைச் சரிக்கட்டுவோம்" என்று ரூஸ்வெல்ட்டே செலவை வெட்டினார். உங்க சிக்கனம்தான்! புது வரியும் வந்தது, வங்கிகளின் கையிருப்பையும் இறுக்கினார்கள். எல்லாம் சேர்ந்து என்ன ஆச்சு? 1938இல் வேலையில்லாதவர்கள் 19 சதவீதம். காய்ச்சல் விடுறதுக்குள்ள கஞ்சியை நிறுத்தின கதை. அந்த ஏப்ரலில் மறுபடி செலவுக்குப் பணம் கேட்டார். கோடையில் நாடு நிமிரத் தொடங்கியது.

"இரண்டாம் உலகப் போர் வந்துதானே எல்லாருக்கும் வேலை கிடைச்சது?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். போர்ங்கிறதும் அரசாங்கச் செலவுதானே ஐயா! பீரங்கிக்குத் தாராளமா கொடுத்த காசை, பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முன்னாலேயே கொடுத்திருந்தா, எத்தனை வீட்டுல எத்தனை வருஷப் பசி குறைஞ்சிருக்கும்?

நடுவர் மணியைத் தொட்டுட்டாங்க. கடன் வாங்கலாம், ஆனா அது வேலையா மாறணும். நல்ல காலம் வந்ததும் அடைக்கணும். உழைக்கத் தயாரா இருக்கிறவனைச் சும்மா உட்கார வைக்கிறதுதான் நாட்டுக்குப் பெரிய நஷ்டம். அதனால், நொடிந்த நாட்டுக்குக் கைகொடுப்பது அரசாங்கத்தின் செலவே, செலவே என்று கூறி அமர்கிறேன்.