மலை ஒன்று, பாதை பல

இணையத்தில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் தீவிர ஆட்டக்காரருக்கும் ஓய்வுநேர ஆட்டக்காரருக்கும் இடையிலான பூசல் திறமையைப் பற்றியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் வரலாறோ, நேரம்தான் சிக்கலின் வேர் என்கிறது. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட்டில் பாத்திரம் இறந்தால் பாடுபட்டுச் சேர்த்த அனுபவப் புள்ளிகள் கரைந்தன. பொருள்களை மீட்கப் பிணம் கிடக்கும் இடத்துக்கே திரும்பவும் போக வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதை வேறுவிதமாக அணுகியது. சோதனைக் காலத்தில், நெடுநேரம் ஆடுபவருக்குப் புள்ளிகள் பாதியாகக் குறைந்தன, ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பிளிசார்ட் நிறுவனம் குறைந்த அளவையே வழக்கமான அளவாக்கி, பழைய அளவை ஓய்வெடுத்து வந்தவருக்கான இரட்டிப்புச் சலுகை என்று மாற்றியது. கணக்கு மாறவில்லை, கோபம் தணிந்தது.

ஆனால் ஆட்டத்தின் உச்சியில் நிலைமை மாறவில்லை. மோல்டன் கோர் போன்ற ரெய்டுகளுக்கு, அதாவது பெரிய குழுவாகச் சென்று வெல்ல வேண்டிய களங்களுக்கு, 40 பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டியிருந்தது. 2006-இல் திறந்த நாக்ஸ்ராமஸ் ரெய்டைக் கண்ணால் பார்த்தவர்களே மிகச் சிலர். அடுத்த ஜனவரியில் வந்த விரிவாக்கம் உச்ச நிலையை 60-இலிருந்து 70-க்கு உயர்த்த, அங்கே வென்ற ஆயுதங்களின் மதிப்பும் குறைந்தது. பெரும்பாலோர் சந்தா கட்டியும் பார்க்காத ஒன்றுக்காக உருவாக்கியவர்களின் அவ்வளவு உழைப்பும் செலவானது. அதன்பின் பெரிய ரெய்டுகள் 25 பேருக்குச் சுருங்கின. கராசான் ரெய்டு 10 பேருக்கென்றே அமைந்தது. 2008-இல் நாக்ஸ்ராமஸ் 10 பேருக்கும் 25 பேருக்குமாக, எளிதாகி மீண்டும் வந்தது. 2009 டிசம்பரில், சிறு குழுவுக்கான டஞ்சன் களங்களுக்கு ஆட்களைத் தானாகச் சேர்த்துத் தரும் டஞ்சன் ஃபைண்டர் வந்தது. 2010 அக்டோபரில் சந்தாதாரர்கள் 1.2 கோடியைத் தொட்டார்கள்.

உழைக்காமல் கிடைக்கும் பரிசுக்கு மதிப்பில்லை என்பது தீவிர ஆட்டக்காரரின் வாதம். அது நியாயமே. அதனால்தான் 2011 இறுதியில் ரெய்டுகளின் எளிய வடிவமான ரெய்டு ஃபைண்டர் எல்லோருக்கும் கதையின் முடிவைக் காட்டியபோது, சிறந்த ஆயுதங்கள் கடினமான வடிவங்களிலேயே இருந்தன. 2014-இல் 20 பேருக்கான, மிகக் கடினமான மித்திக் நிலையும் வந்தது. அந்த உச்சியில் வென்றவரின் பெருமை, அடிவாரத்தில் இன்னொருவர் நடப்பதால் குறைவதில்லை. இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. டஞ்சன் ஃபைண்டர் பல சர்வர்களின் அந்நியர்களை ஒன்றுசேர்த்தது. அவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்கூடப் பேசாமல் பிரிந்தார்கள். ஒருவர் பெயரை மற்றவர் அறிந்திருந்த பழைய அக்கம்பக்கம் தேய்ந்தது. இது மெய்யான இழப்பு. 2019-இல் பழைய வடிவம் கிளாசிக் என்ற பெயரில் திரும்பியபோது கிடைத்த வரவேற்பே அந்த ஏக்கத்துக்குச் சாட்சி. ஆயினும் அது விரும்பியவர் தேர்ந்துகொள்ளும் தனி உலகமாகவே வந்தது. மற்றவர் மீது திணிக்கப்படவில்லை.

எளிமைதான் கூட்டத்தைக் கலைத்தது என்பாரும் உண்டு. கால வரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. எளிமைப்படுத்திய ஆண்டுகளில்தான் சந்தாதாரர் எண்ணிக்கையின் உச்சம் வந்தது. 2010 டிசம்பரில் வந்த கேட்டகிளிசம் விரிவாக்கம் ஹீரோயிக் என்னும் கடின நிலை டஞ்சன்களை மறுபடி இறுக்கியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாக்கள் குறைந்தன. அந்தச் சரிவு முழுவதையும் கடினத்தின் தலையில் கட்ட முடியாது, விளையாட்டுக்கும் வயதாகியிருந்தது. எளிமையைக் குற்றவாளியாக்க மட்டும் ஆதாரம் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் மனிதரும் முழுச் சந்தா கட்டியே உள்ளே வருகிறார். கதையின் முடிவைக் காணும் உரிமை அவருக்கும் உண்டு; உச்சியின் பட்டம் ஏறியவருக்கே உரியது.