ஏட்டுக்குள் இருந்த கத்தி

குன்றத்தூர் என்றதும் மலைமேல் முருகன் கோயிலும் முகூர்த்த நாள் கூட்டமுமே தாம்பரம், பல்லாவரம் பக்கத்து மக்களுக்கு நினைவில் வரும். இலக்கிய வாசகருக்கோ அது சேக்கிழார் பிறந்த ஊர். இரண்டாம் குலோத்துங்கனின் (1133-1150) அமைச்சராக இருந்து பெரியபுராணம் பாடிய அவர், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருநாகேச்சரத்தின் நினைவாகத் தம் ஊரிலும் ஒரு நாகேச்சரம் எடுப்பித்தார். பக்தி நூல் என்று பலரும் ஒதுக்கி வைக்கும் அப்புராணத்தை நாம் வேறொரு காரணத்துக்காகப் புரட்ட நேர்ந்தது. தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, அதை நொடியில் உருவிப் பழகுவது அமெரிக்காவில் தனியொரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. மறைத்து வைத்த ஆயுதத்துக்குத் தமிழ் மண்ணில் என்ன வரலாறு என்று தேடப்போனால், குன்றத்தூர்க்காரரிடமே முதலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மெய்ப்பொருள் நாயனார் கதை எல்லோரும் அறிந்தது. போரில் வெல்ல முடியாத முத்தநாதன் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். ஒருவரும் தடுக்கவில்லை. காவலன் தத்தன் மட்டும் சமயம் இதுவல்ல என்கிறான். அவனையும் கடந்து போகிறான். உபதேசம் கேட்கத் தலைதாழ்த்திய மன்னன் முன் கட்டு அவிழ்கிறது. பாய்ந்து வந்த தத்தனை, அவர் நம்மவர் என்று மன்னனே தடுத்துவிடுகிறான். பக்தியை ஒரு கணம் விலக்கிவிட்டுப் படித்தால், ஆயுதத்தை மறைத்து உருவுவதன் இலக்கணம் முழுதும் இங்கே இருக்கிறது. உறை எது என்பதும், எதிராளியின் கண் எங்கே இருக்கும் என்பதும், எத்தனை அடி நெருங்க வேண்டும் என்பதும் கொலைகாரன் முன்கூட்டித் தீர்மானித்தவை. காவலனிடம் வாள் இருந்தது, நேரம்தான் இல்லை.

ஏனாதிநாதர் கதை இன்னும் விசித்திரமானது. அவர் வாட்பயிற்சி ஆசிரியர். பயிற்சியே அவருக்குத் தொழில். நேர்ப்போரில் தோற்ற அதிசூரன், நெற்றியில் நீறு பூசிக் கேடயத்தால் மறைத்து வந்து, கடைசிக் கணத்தில் கேடயத்தை விலக்குகிறான். நீற்றைக் கண்டதும் ஆசிரியர் கை ஓய்கிறது. வாளைக் கீழே போட நினைத்தவர், ஆயுதமில்லாதவனைக் கொன்றான் என்ற பழி அவனுக்கு வரக்கூடாதே என்று கையில் பிடித்தபடியே நிற்கிறார். வாழ்நாள் முழுதும் பழகிய கை பயன்படாமல் போன இடத்தை இவ்வளவு அமைதியாகச் சொன்ன கவிஞர் வேறு எவரையும் நாம் அறியோம்.

துப்பாக்கிக்கு வருவோம். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாத இந்தியனின் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்தது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் அச்சட்டம் செல்லாது. அங்கே வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார் என்றும், அவர்களுள் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ஒருவர் என்றும் அவ்வரலாற்றை எழுதியோர் கூறுவர். 17 ஜூன் 1911 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டது, உடைக்குள் எளிதாக மறையக்கூடிய பிரௌனிங் பிஸ்டல். அதே ஆயுதத்தால் வாஞ்சி தம்மையும் மாய்த்துக்கொண்டார். தற்காப்பு என்று இதை அவரே சொல்லியிருக்க மாட்டார். ஆயினும் தமிழ்நாட்டில் கைத்துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் இதைத் தாண்டிச் செல்ல முடியாது.

தற்காப்பு என்ற சொல் நீதிமன்றத்தில் முழங்கிய வழக்கு குன்றத்தூருக்குப் பக்கத்திலேயே நடந்தது. போரூர் வழியாக வந்தால் சில மைல் தொலைவில் ராமாவரம் தோட்டம். 12 ஜனவரி 1967, மாலை. நடிகர் எம்.ஆர். ராதாவும் படத் தயாரிப்பாளர் வாசுவும் எம்.ஜி.ஆரைப் பார்க்க வருகிறார்கள். வாசு தயாரித்து, இருவரும் சேர்ந்து நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, ராதா காமராஜர் பக்கம், எம்.ஜி.ஆர். தி.மு.க. வேட்பாளர். பேச்சின் நடுவே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே காயம். ராதாவின் உடலிலும் குண்டுகள். இருவரையும் முதலில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் பிறகு பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

அரசுத் தரப்பின்படி ராதா மறைத்துக் கொண்டுவந்த ரிவால்வரால் எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். ராதாவோ, எம்.ஜி.ஆர்.தான் முதலில் சுட்டார், துப்பாக்கியைப் பிடுங்கி நான் திருப்பிச் சுட்டேன் என்றார். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை) தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. அந்த உரிமை முழுதும் தொங்குவது ஒரு கேள்வியில்: முதலில் கை போனது யாருடையது? அறைக்குள் மூன்று பேர். அதில் இருவர் கட்சிக்காரர்கள், மூன்றாமவர் வாசு. ராதாவின் வாதத்தைச் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1967 நவம்பரில் 7 ஆண்டு கடுங்காவல் விதித்தது. பின்னர் தண்டனை குறைந்து, நான்காண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு ராதா வெளியே வந்தார். சிறை நினைவுகளை விந்தனிடம் அவர் சொன்ன விதத்தில் ஒரு நல்ல தமிழ் நூல் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

அந்த அறையில் யார் எவ்வளவு பழகியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? 1983இல் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கை எழுதினார். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடப் பயிற்சி பெற்றவருக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் கத்தியோடு ஓடிவருபவன் 21 அடி கடந்துவிடுவான். உறை இடுப்பில் வெளிப்படையாக இருக்கும்போதே இப்படி. சட்டைக்கடியில் இருந்தால் துணியை விலக்க வேண்டும், பிடியைச் சரியாகப் பற்ற வேண்டும், துணி சிக்காமல் உருவ வேண்டும். காலித் துப்பாக்கியோடு வீட்டில் ஆயிரம் முறை பழகுவதெல்லாம் இந்த ஒன்றரையிலிருந்து அரை விநாடியைக் குறைப்பதற்காக. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுபவர்களுக்கிடையே இருப்பது 21 அடியல்ல, ஐந்தோ ஆறோ. முத்தநாதனுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

நம் நாட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் பெற்றவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ, முழுவதும் மூடியே கொண்டுசெல்ல வேண்டும். சுழற்றிக் காட்டக் கூடாது. ஆக, மறைப்பது குற்றமல்ல, கடமை. உரிமத்துக்கு முன் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன அவ்விதிகள். துப்பாக்கி இருப்பது தெரிந்தால் எதிரி அஞ்சுவான் என்று உரிமம் கேட்பவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

ராமாவரத்துத் துப்பாக்கி ஒருவரையும் காக்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கழுத்துக் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்குப் போகாமலேயே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார், காங்கிரஸ் ஆட்சி போயிற்று. அவர் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. பிறகு வந்த படங்களில் அந்த உடைந்த குரலையே மக்கள் கேட்டுப் பழகினார்கள். அவர் காலமான பின், அவர் விருப்பப்படி, அதே ராமாவரம் தோட்டத்தில் பேச்சும் செவித்திறனும் குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி நடந்துவருகிறது.