உரோமரின் மீன்சாறும் அதன்மேல் ஏறிய அபவாதமும்

பண்டைய உணவுகளைப் பற்றி எழுதுவோரில் பலர், உரோமாபுரி மக்கள் நாள்தோறும் தம் உணவில் சேர்த்துவந்த ‘காரும்’ என்னும் மீன்சாற்றைக் குறிப்பிட நேரும்போதெல்லாம், அது அழுகிய மீன்குடலிலிருந்து வடித்த துர்நாற்றத் திரவம் என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிட்டு, உலகாண்ட ஓர் இனத்தார் இத்தகைய வஸ்துவை எவ்வாறு விரும்பி உண்டனரோ என வியந்து அப்பால் சென்றுவிடுகின்றனர். இத்தீர்ப்பு பிழையானது என்பதும், அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வாக்கியங்களுள் முதன்மையானவை ஒழுக்க போதனைக்காக எழுந்தவையேயன்றி உணவின் இயல்பை விளக்க எழுந்தவை அல்ல என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

அபவாதத்தின் ஊற்றுக்கண் தத்துவஞானி செனெக்கா. லூசிலியஸுக்கு எழுதிய 95ஆம் கடிதத்தில், உயர்ந்த ரக மீன்சாற்றை, விலைமிகுந்த சீழ் என்றும் வயிற்றை எரிப்பது என்றும் அவர் பழிக்கிறார். ஆயின் அக்கடிதம் போகவாழ்க்கையைக் கண்டிக்கப் புகுந்தது. காளானும் கடற்சிப்பியும்கூட அதில் அவருடைய கண்டனத்திற்குத் தப்பவில்லை. செனெக்காவின் சொல்லை நம்பிச் சிப்பியுணவை ஒருவரும் நஞ்சென்று ஒதுக்காதிருக்க, மீன்சாற்றைப் பற்றிய அவர் சொல்லை மட்டும் சரித்திரப் பிரமாணமாகக் கொள்வது எந்த நியாயத்தின்பாற்படும்?

உரோம எழுத்தாளர் பிளினியின் சாட்சியம் இதனினும் கனமானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 31ஆம் புத்தகத்தில், மீனின் குடலையும், எறிந்துவிடக்கூடிய பிற பாகங்களையும் உப்பிலிட்டு ஊறவைத்துப் பெறும் திரவம் இது என அவர் கூறுகிறார். அழுகலைக் குறிக்கும் சொல்லையும் வழங்குகிறார். ஆனால் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளால் நேரும் அழுகல் வேறு, மீனின் குடலிலுள்ள நொதிகளே அதன் தசையைக் கரைக்கும் ஜீரணம் வேறு என்று பிரித்தறிய அக்காலத்தில் எவருக்கும் வழியில்லை. உப்பு கிருமிகளை அடக்குகிறது. நொதிகளை அவ்வளவாக அடக்குவதில்லை. வெயிலின் சூட்டில் அந்நொதிகள் புரதத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்க, குளூட்டமிக் அமிலம் முதலிய அமினோ அமிலங்கள் திரவத்தில் சேர்கின்றன. கொம்பு என்னும் கடற்பாசியின் ருசிக்குக் காரணம் இந்த குளூட்டமேட்டே என்று ஜப்பானிய ரசாயன அறிஞர் கிகுனே இகெதா 1908இல் கண்டறிந்து, அதற்குத் தனிச் சுவை என்னும் அந்தஸ்தையும் வேண்டினார். ஆகவே, குடல் என்றவுடன் நம்மவர் முகம் சுளிக்கிறார்களே, அக்குடல்தான் இச்சாற்றை ஆக்கும் கருவி. அதைக் கழிவு என்று பிளினி எழுதியது தோற்றத்தைக் கண்டு எழுதியதேயாகும்.

செய்முறையை அருகிலிருந்து பார்த்தவர்போல் கூறும் நூல், பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் தொகுக்கப்பட்ட ‘ஜியோபோனிக்கா’ என்னும் வேளாண் தொகுப்பு. பித்தினியா நாட்டார் ஒரு மோடியஸ் சிறுமீனுக்கு இரண்டு செக்ஸ்டேரியஸ் உப்பு, அதாவது அளவில் எட்டுக்கு ஒன்று, சேர்த்துப் பிசறி, ஓரிரவு வைத்திருந்து, பின்னர் மட்கலத்தில் பெய்து, வாய்திறந்தபடியே இரண்டு மூன்று மாதம் வெயிலில் வைத்து, அவ்வப்போது கோலால் கிளறிவந்தனர் என அது கூறுகிறது. சாற்றை வடிப்பதற்கு அது சொல்லும் உபாயம் மிக நேர்த்தியானது: நெருக்கமாகப் பின்னிய நீண்ட கூடையொன்றைக் கலத்தினுள் இறக்கினால், தெளிந்த சாறு கூடைக்குள் ஊறி நிரம்பும், வெளியே தங்கும் வண்டல் ‘அல்லெக்’ என்னும் மலிவான பண்டமாகும். இன்றும் வியட்நாமைச் சேர்ந்த பூக்குவோக் தீவில், குடல் நீக்காத நெத்தலியை மூன்றுக்கு ஒரு பங்கு உப்புடன் பெரிய மரத்தொட்டிகளில் ஏறத்தாழ ஓராண்டு வைத்து ‘நுவொக் மாம்’ வடிக்கின்றனர். உப்பின் அளவும் காலமும் வேறுபடினும் தத்துவம் ஒன்றே. தயாரிக்கும் இடத்தில் நாற்றமெழுந்தது மெய்தான். கருவாடு காயும் கடற்கரையில் மூக்கைப் பொத்துபவரும் வீட்டில் கருவாட்டுக் குழம்பை மறுப்பதில்லை என்பதை நாம் அறிவோம்.

இனி, இது செல்வர்களின் விபரீத ருசி மட்டுமே என்னும் கூற்றைப் பரிசீலிப்போம். ஸ்பெயினின் கார்த்தஜீனாப் பகுதியில் கானாங்கெளுத்தி இன மீனால் செய்த முதல்தரச் சாற்றுக்கு, சுமார் ஆறரை லிட்டருக்கு ஆயிரம் செஸ்டெர்ஸ் விலை என்று பிளினி கூறுவது உண்மையே. ஆனால் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி 301ஆம் ஆண்டு பிறப்பித்த விலை வரம்புக் கட்டளையில், ஒரு செக்ஸ்டேரியஸ் இரண்டாந்தர மீன்சாற்றுக்கு 12 டெனாரியஸும், முதல்தரத்திற்கு 16 டெனாரியஸும் விதிக்கப்பட்டுள்ளன. அதே கட்டளையில் சாமானிய ஒலிவ எண்ணெய்க்கும் விலை 12 டெனாரியஸே; உயர்ந்த எண்ணெய்க்கு 40. எண்ணெய் வாங்கும் சக்தி படைத்த எவரும் மீன்சாறு வாங்க இயலும் என்பது இதனால் பெறப்படுகிறது. என் வாதத்திற்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை. ஜிப்ரால்டர் நீரிணைக் கரையில் பயேலோ கிளாடியா என்னும் ஊரின் உப்புத் தொட்டிகளை வரிசை வரிசையாகக் காண்பவர், ஒரு சில பிரபுக்களின் நாவுக்காக இத்தனை தொட்டிகள் கட்டப்பட்டன என்று நம்பமாட்டார். பொம்பேயியில் அவுலுஸ் உம்ப்ரீசியஸ் ஸ்கௌருஸ் என்னும் மீன்சாற்று வணிகர், தம் இல்லத்து முற்றத் தளத்தின் நான்கு மூலைகளிலும் தம் சரக்குச் சாடியின் உருவத்தைச் சிறுகற்களால் பதிப்பித்து, கானாங்கெளுத்திச் சாறு, ஸ்கௌருஸின் சரக்கு என்று பெயரும் பொறிக்கச் செய்தார். வருவோர் கால் வைக்கும் இடத்திலேயே அதை அவர் பதித்திருப்பதால், அத்தொழில் அவருக்குப் பெருமையே அளித்தது என்பதில் ஐயமில்லை.

மேற்கே இத்தொழில் குன்றியதற்கு ருசிமாற்றத்தைக் காரணமாகக் கூறுவோரும் உளர். அது எனக்கு உடன்பாடன்று. தொட்டிகள் கைவிடப்பட்ட காலம், கடல்வழி வாணிகமும் நகர்ச்சந்தைகளும் சிதைந்த காலமே. வாணிகம் தழைத்த கான்ஸ்டாண்டிநோபிளில் சாறு மறையவில்லை. 968இல் அங்கே தூது சென்ற கிரெமோனா ஆயர் லியுட்பிராந்து, விருந்தில் மீன்திரவம் ஊற்றிய உணவு பரிமாறப்பட்டதென்று குறைகூறி எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையறிஞர் பியேர் பெலோனும் அந்நகரில் அது விற்கப்படுவதைக் குறித்துள்ளார்.

இப்பொருளில் தமிழகத்திற்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் கிடைத்த யவனச் சாடிகளை எலிசபெத் லைடிங் வில் பின்னர் ஆராய்ந்தபோது, பெரும்பான்மையான மதுச்சாடிகளோடு ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும் மீன்சாற்றுச் சாடிகளும் கலந்திருப்பதைக் கண்டார். மதுவை நம்மவரும் வாங்கியிருக்கலாம். மீன்சாறோ, தம் ஊர் உணவை விட்டிருக்க மாட்டாத யவனர் தமக்கென வரவழைத்ததாகவே கொள்ளத் தகும். ஆயினும், சாடியின் வடிவத்தைக் கொண்டு மட்டும் அதில் இருந்தது மீன்சாறே என்று முடிவு செய்வது போதாது. எனவே, நம் கடற்கரை அகழ்வுகளில் இத்தகைய சில்லுகளைக் கையாள்வோர், உட்புறத்தில் ஒட்டிய வண்டலைக் கழுவிவிடாமல் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பி, மீன்முள்ளின் துகள்களையும் சலித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.