டோர்பிடோவும் குறியும்

கணனியில் ஆடப்பெறும் நீர்மூழ்கிப் போர் விளையாட்டுக்களில், டோர்பிடோவைத் தாமே கணித்துக் குறிவைத்தலே மெய்ம்மையின் உரைகல் எனத் தேர்ந்த ஆட்டக்காரர் கருதுவர். 2007 இல் வெளியான ‘சைலன்ட் ஹன்டர் 4’ இல் இலக்கின் தூரம், வேகம், அது செல்லும் கோணம் ஆகியவற்றை ஆடுபவரே பெரிஸ்கோப் வழியாக அளந்து கொள்ளலாம். கணிப்புச் சரியெனின் வெற்றி உறுதி என்னும் எண்ணம் இதனால் எழுகின்றது. வரலாறு இதனை முற்றாக ஏற்கவில்லை.

1943 யூலை 24 அன்று, பசிபிக் சமுத்திரத்தின் ட்ரக் தீவுகளுக்கு மேற்கே, அமெரிக்க நீர்மூழ்கியான ‘டினோசா’, ‘டோனான் மாரு 3’ என்னும் பெரிய யப்பானியக் கப்பலைத் தாக்கியது. தளபதி டஸ்பிட் 15 டோர்பிடோக்களை ஏவினார். கப்பல் அசைவற்று நின்றபின் கணிப்பிற் பிழை நேர வழியில்லை. எனினும், செங்கோணத்தில் ஒவ்வொன்றாக ஏவப்பட்டவை இலக்கிற் பட்டும் வெடிக்கவில்லை. எஞ்சிய ஒன்றை அவர் சான்றாகக் கொண்டு திரும்பினார்.

அதுவரை இத்தகைய முறைப்பாடுகள் எழுந்தபோதெல்லாம் ஆயுதத்துறை அதிகாரிகள் மாலுமிகளின் குறியையே குறைகூறி வந்தனர். அவ்வாண்டு ஹவாயின் கஹூலாவித் தீவுப் பாறைகளை இலக்காக வைத்து நடத்திய சோதனையும், அதனைத் தொடர்ந்த ஆய்வுகளும் உண்மையை வெளிப்படுத்தின. நேராக மோதும்போது வெடிப்பைத் தூண்டும் ஊசி சிதைந்து செயலிழந்தது. சாய்வாகப் படின் பெரும்பாலும் வெடித்தது. செம்மையான குறியே தோல்விக்கு ஏதுவாயிற்று.

கையாற் குறிவைத்தல் கணிதத்தின் மெய்ம்மையைத் தரும். ஆயின், வெடியாத டோர்பிடோவையும் ஆட்டத்திற் சேர்த்துக்கொள்பவரே, களத்தில் நின்றோர் சொல்லைச் செவிமடுக்காத நிருவாகத்தால் விளைந்த இழப்பை உணர்வர்.