சிறுவாடு

குடும்பத்தின் பொதுவரவில் சேராமல், இல்லத்தரசி தன் சாமர்த்தியத்தால் மிச்சம்பிடித்துத் தனியே வைத்துக்கொள்ளும் சிறுதொகைக்குச் சிறுவாடு என்று பெயர். அன்றாடப் பாடு, வயிற்றுப்பாடு என்னும் வழக்குகளில் ஜீவனத்தையும் உழைப்பையும் குறித்து நிற்கும் ‘பாடு’ என்ற சொல்லோடு ‘சிறு’ என்னும் அடை சேர்ந்த சிறுபாடே இதன் மூலவடிவம்; இடைநின்ற பகரம் பேச்சில் வகரமாய் நெகிழ்ந்தது.

களத்திலிருந்து குதிருக்கு வந்த நெல்லே அடுத்த அறுவடை வரையில் உணவுக்கும் விதைக்கும் வரிக்கும் கல்யாணம் கார்த்திகைக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்த வேளாண் குடும்பங்களில், மோரும் முட்டையும் விற்ற காசும், உலையிலிடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போட்டுவைத்த அரிசியும் சிறுவாட்டுக்கு ஊற்றுக்கண்களாயின. தசம நாணயம் வந்த 1957-க்கு முன்பு, ரூபாய்க்கு 64 என்றிருந்த காலணாக்கள் கடுகுப் பானையின் அடியிலும் முந்தானை முடிச்சிலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பள்ளிக்கூடச் சம்பளமாகவும் வைத்தியச் செலவாகவும், சமயத்தில் கணவனுக்கே கைமாற்றாகவும் வெளிப்பட்டன.

இதனைச் சீதனத்தோடு மயங்குதல் கூடாது; சீதனம் பிறந்தகத்தார் கொடுத்தது, சிறுவாடு அவள் தானே ஆக்கியது. இதைக் கஞ்சத்தனம் என்று இகழ்வது பெரும் அநியாயம். உலோபி செலவழிக்க மனமின்றிப் பூட்டிவைக்கிறான், இவளோ முட்டுப்பாடு வரும் நாளில் எடுத்துக் கொடுப்பதற்கென்றே சேர்க்கிறாள். 2016-இல் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டபோது, பல வீடுகளில் வங்கிக்கு எடுத்துச் செல்லப்பட்டது இந்தச் சிறுவாட்டுப் பணமே.